பல்கலைக்கழக அலுவலகத்தில் முதல் ஆறு மாதம்: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகவோ தட்டச்சராகவோ, இல்லை காலமுறை ஊதியம் இல்லாமல் மாதம் ஒரே தொகை தரும் தொகுப்பூதியத்திலோ நீங்கள் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அது 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகமாக இருக்கலாம், 1982-இல் வந்த பாரதிதாசனாகவோ பாரதியாராகவோ இருக்கலாம், 1990-இல் வந்த மனோன்மணியம் சுந்தரனாராகவும் இருக்கலாம். ஊர் வேறு, கட்டடம் வேறு. நிர்வாகக் கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டால் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். மேலே துணைவேந்தர், பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், நிதி அலுவலர். அவர்களுக்குக் கீழே துணைப் பதிவாளர், உதவிப் பதிவாளர், கண்காணிப்பாளர் அல்லது பிரிவு அலுவலர், உதவியாளர், இளநிலை உதவியாளர், பதிவறை எழுத்தர், அலுவலக உதவியாளர்.

வேலையைக் கற்றுக்கொள்ள விதிப் புத்தகம் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரரோடு எப்படிப் பழகுவது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. இருபது ஆண்டுக்கு மேல் நான்கு பிரிவுகளில் இருந்து பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். இங்கே நம்மை எடைபோடுவது டீ நேரத்துப் பேச்சை வைத்து இல்லை. நம் கை வழியாகப் போகும் ஃபைலில் அடுத்தவரை எப்படி நடத்துகிறோம் என்பதை வைத்துத்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் நாளும் முதல் வாரமும்

பணியேற்பு அறிக்கை கொடுக்கும்போது அதில் 'முற்பகல்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன விஷயமாகத் தோன்றும். பணிக்காலம், ஆண்டு ஊதிய உயர்வு எல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். சான்றிதழ்களின் நகலை இரண்டு செட் கையில் வைத்திருங்கள். பணிப்பதிவேடு எப்போது திறக்கிறார்கள் என்று, பணியாளர் விவரங்களைப் பார்க்கும் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனில் கேட்டு, திறந்ததும் முதல் பக்கத்தை ஒருமுறை நேரில் பாருங்கள். பிறந்த தேதியில் ஒரு எண் மாறியிருந்தால் அதைத் திருத்த ஏற்ற நேரம் அதுதான்.

அப்புறம் அறிமுகம். நல்ல கண்காணிப்பாளராக இருந்தால் அவரே உங்களை ஒவ்வொரு பிரிவுக்கும் அழைத்துப் போவார். வேலை நெருக்கடியில் பலரால் அது முடியாது. காத்திருக்க வேண்டாம், "சார், மதியத்துக்கு மேல் ஒரு அரைமணி நேரம் மற்ற செக்‌ஷன்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா" என்று நீங்களே கேளுங்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. தபால் பிரிவு, டெஸ்பாட்ச், சம்பளப் பட்டியல் போடும் சீட், பதிவறை, பதிவாளர் அறைக்கு வெளியே அலுவலக உதவியாளர்கள் உட்காரும் பெஞ்சு: இந்த ஐந்து இடத்துக்கும் முதல் வாரத்துக்குள் போய்விடுங்கள். பெயரையும் எந்த சீட் என்பதையும் சொன்னால் போதும். சொந்தக் கதை எதுவும் வேண்டாம்.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். கண்காணிப்பாளரும் அதற்கு மேலே இருப்பவர்களும் சார், மேடம்தான். பக்கத்து சீட்டில் இருக்கும் மூத்தவர்களை முதலில் சார், மேடம் என்றே கூப்பிடுங்கள், அவர்களே "அக்கான்னு கூப்பிடும்மா" என்று சொல்லும்வரை. அலுவலக உதவியாளர், துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர் இவர்களில் உங்களைவிட மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அண்ணே, அக்கா, ஐயா, எது உங்கள் வாயில் இயல்பாக வருகிறதோ அது. பட்டம் படித்துவிட்டு வந்த இருபத்து நான்கு வயதுப் பிள்ளை, ஐம்பத்தெட்டு வயது மனிதரைப் பெயர் சொல்லி "இங்க வா" என்று கூப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அன்று அந்த ஹாலில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆறு மாதம் அந்தப் பிள்ளையின் ஃபைல் எதுவும் நேரத்துக்கு நகரவும் இல்லை. ஃபைல் நகரவேண்டும் என்பதற்காக மரியாதை கொடுக்கச் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு அது உரியது என்பதால் கொடுக்கவேண்டும்.

உங்கள் சீட்டைப் புரிந்துகொள்வது

சீட்டை ஒப்படைக்கும்போது சார்ஜ் லிஸ்ட் எழுதி வாங்குங்கள். எத்தனை நடப்புக் கோப்பு, எத்தனை பதிவேடு, எத்தனை நிலுவை என்று எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் சீட்டுக்கு வரும் தபால்களைப் பதியும் தன்பதிவேட்டில் பழைய பதிவுகள் எதுவரை முடிந்திருக்கின்றன என்று பாருங்கள். முன்பு இருந்தவர் பதியாமல் விட்ட தபால் நிச்சயம் இழுப்பறையில் நாலு இருக்கும். அதைப் பார்த்ததும் "இவர் இப்படிப் போட்டுவிட்டுப் போயிட்டாரே" என்று பக்கத்தில் சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள். அவர் இரண்டு மாடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார், மாலைக்குள் அவர் காதுக்குப் போய்விடும். அதைவிட முக்கியம், அந்த நாலு தபாலின் கதை அவருக்கு மட்டும்தான் தெரியும். போய் உட்கார்ந்து, "இது எங்கே நிக்குது மேடம், கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் முடியும். அந்தப் பத்து நிமிடத்தில் உங்களுக்கு ஒரு ஆசிரியரும் கிடைத்திருப்பார்.

பதிவறை எழுத்தரை ஒருநாள் அவர் இடத்திலேயே போய்ப் பாருங்கள். எங்கள் பதிவறையில் ஒருவர் இருந்தார். 1980-களின் மதிப்பெண் பதிவேடுகள் எந்த அலமாரியில் என்று அவர் எண்ணைப் பார்த்துத் தேடமாட்டார், பைண்டிங் துணியின் நிறத்தை வைத்துச் சொல்வார். வெளிநாட்டில் வேலை கிடைத்த ஒருவருக்குப் பட்டத்தின் உண்மைத்தன்மைச் சான்று அவசரமாகத் தேவைப்பட்டது. கணினியில் அந்த ஆண்டு இல்லை. மூன்று பேர் தேடிக் கிடைக்காத பதிவேட்டை அவர் கால்மணி நேரத்தில் தூசி தட்டி எடுத்துவந்து, அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளும் வைத்துக் கொடுத்தார். அவருக்கு நன்றி என்று எந்தக் குறிப்பிலும் எழுத இடமில்லை. அதனால் நேரில் சொல்லுங்கள், அவருடைய மேலதிகாரி காதில் விழும்படி சொல்லுங்கள்.

குறிப்பு எழுதும் முன் எழுந்து நடங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, நிதிப் பிரிவில் இருந்தேன். விடைத்தாள் திருத்தியவர்களுக்கான உழைப்பூதியப் பட்டியல் தேர்வுப் பிரிவிலிருந்து வந்தது. வருகைத் தாள் இணைக்கப்படவில்லை. அதே பிரிவிலிருந்து அதற்கு முந்தைய மாதமும் இப்படித்தான் வந்திருந்தது. கோபத்தில், "தேர்வுப் பிரிவு உரிய ஆவணங்களை வேண்டுமென்றே இணைக்கவில்லை" என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிட்டேன். ஃபைல் நிதி அலுவலர்வரை போனது. அங்கிருந்து தேர்வுப் பிரிவுக்கு. அந்த சீட்டில் இருந்த அம்மாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ. அப்புறம்தான் தெரிந்தது, வருகைத் தாள்கள் வேறொரு உறையில் போட்டு அதே நாளில் டெஸ்பாட்சுக்கு வந்திருக்கின்றன. உறை வேறு பிரிவுக்குப் போய்விட்டது. அவர் பதில் எழுதிக் கொடுத்தார், மெமோ முடிந்தது. என்னோடு ஓராண்டு பேசவில்லை.

'வேண்டுமென்றே' என்ற அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை. "வருகைத் தாள் இணைப்பில் காணப்படவில்லை, பெற்று மேல்நடவடிக்கை தொடரலாம்" என்று எழுதியிருந்தால் என் கடமையும் முடிந்திருக்கும், அவரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அதற்கும் முன்னால், ஒரு மாடி ஏறிப்போய் "அக்கா, அட்டெண்டன்ஸ் ஷீட் வரலையே" என்று கேட்டிருந்தால் குறிப்பே தேவைப்பட்டிருக்காது.

எனவே வரிசை இதுதான். குறை தெரிந்ததும் முதலில் நேரில் போங்கள், இல்லாவிட்டால் இண்டர்காமில் பேசுங்கள். சரிசெய்ய ஒருநாள், இரண்டுநாள் கொடுங்கள். வரவில்லை என்றால் உங்கள் கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள். அதன் பிறகே எழுத்தில் வையுங்கள். எழுதும்போது பொருளைப் பற்றி எழுதுங்கள், ஆளைப் பற்றி எழுதாதீர்கள். 'இணைப்பு இல்லை', 'தொகை பொருந்தவில்லை', 'ஆணை நகல் தேவை' இவை போதும். பணம், விதிமீறல், போலிச் சான்று சம்பந்தப்பட்டதாக இருந்தால் மட்டும் பேச்சோடு விடாதீர்கள், அன்றே எழுத்தில் வையுங்கள். அங்கே நட்பு பார்த்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வீர்கள்.

குறிப்பு எவ்வளவு நாள் உயிரோடிருக்கும் என்பதையும் யோசியுங்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை வந்து பல ஆண்டு கழித்து அந்தப் பக்கத்தைப் புரட்டும். தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபம், அதாவது தணிக்கைத் தடை, ஒன்று தீராமல் கிடந்தால் ஓய்வு பெறுகிறவரின் பணப்பலன் நின்றுபோகும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாராவது மனுப் போட்டால் குறிப்புப் பக்கமும் நகலாக வெளியே போகலாம். அந்த நேரத்துக் கோபத்தில் எழுதியது, அந்தக் கோபமே மறந்துபோன காலத்தில் ஒரு குடும்பத்தின் பென்ஷனில் போய் நிற்கும்.

மின் அலுவலகம் வந்த இடங்களில் ஃபைல் கணினி வழியே போகிறது, யாரும் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை. வேகம் நல்லதுதான். நடக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆங்கிலத்தில் குறிப்பு எழுத வராதே என்று தயங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1956-இலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்துவிட்டது. தமிழில் தெளிவாக எழுதுங்கள். யாராவது முகம் சுளித்தால் அதற்காகச் சிறுத்துப்போக வேண்டாம்.

ஒரே ஹாலில் வேறு வேறு தரையில் நிற்பவர்கள்

ஒரே வேலையை ஒரே ஹாலில் செய்யும் நான்கு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர், பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர். அடுத்தவர் அதன்பின் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத்தில் வந்தவர். மூன்றாமவர் பத்து ஆண்டுக்கு மேலாகத் தொகுப்பூதியத்தில் இருப்பவர். நான்காமவர் பணிநிரவலில் வேறு நிறுவனத்திலிருந்து வந்தவர். 2013-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக நிர்வாகத்தை அரசு ஏற்றபின் அங்கே உபரியாகக் கணக்கிடப்பட்ட பணியாளர்கள் பல ஊர்களுக்கு, பல அலுவலகங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். குடும்பத்தைச் சிதம்பரத்தில் விட்டுவிட்டு வேறு ஊரில் அறை எடுத்துத் தங்கியவர்கள் அவர்களில் உண்டு.

நீங்கள் நிரந்தரப் பணியில் வந்தவர் என்றால், தொகுப்பூதியத்தில் இருப்பவர்தான் பெரும்பாலும் உங்களுக்கு வேலை சொல்லித்தருவார். பத்து ஆண்டு அனுபவம் அவருக்கு, காலமுறை ஊதியம் உங்களுக்கு. இது அவருக்கு வலிக்கும் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். சம்பளம், அரியர், அகவிலைப்படி பற்றி அவர் முன்னால் உரக்கப் பேசாதீர்கள். அவர் போட்ட வேலையை உங்கள் பெயரில் மேலே காட்டாதீர்கள். கண்காணிப்பாளர் பாராட்டினால், "இதை அவங்கதான் சொல்லிக்கொடுத்தாங்க சார்" என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

கருணை அடிப்படையில் வந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எங்கள் பிரிவுக்கு ஒரு பையன் அப்படி வந்தான். அவன் அப்பா இருந்த அதே கட்டடம். முதல் நாள் ஆளாளுக்கு வந்து "உங்கப்பா மாதிரி மனுஷனைப் பார்க்க முடியாது" என்று சொன்னார்கள். எல்லாம் அன்பில் சொன்னதுதான். மதியம் அவன் சாப்பிடாமல் டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டான். டெஸ்பாட்சில் இருந்த அக்கா ஒருவர் ஒன்றும் பேசாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பாக்ஸைத் திறந்து, தன் பொரியலில் பாதியை வைத்தார். அதற்குப் பிறகு அவன் தினமும் அந்த அக்காவோடுதான் சாப்பிட்டான். இழந்தவரைப் பற்றி அவர்களாகப் பேசும்வரை நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம்.

'எந்த ஊரு?' என்று உங்களைக் கேட்பார்கள். ஊரைச் சொன்னால், 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்பார்கள். சிலர் சும்மா கேட்பது, சிலர் சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குத் திரும்பலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நீங்களும் யாரையும் அப்படித் துருவாதீர்கள். இடஒதுக்கீட்டுக்கான 200 புள்ளி இனச்சுழற்சியில் யார் எந்த இடத்தில் வந்தார் என்பது எஸ்டாபிளிஷ்மென்ட் சீட்டில் இருப்பவருக்குத் தெரியும், பணிப்பதிவேட்டிலும் இருக்கும். அந்த சீட் ஒருநாள் உங்களுக்கு வரலாம். அங்கே பார்த்தது எதுவும் அந்த மேசையைத் தாண்டக்கூடாது. அலுவலகத்தில் ஒருவருக்கு ஒருவர் செய்யக்கூடிய மோசமான காரியங்களில் ஒன்று அதைக் கேண்டீனில் பேசுவது.

டீ, சாப்பாடு, மொய்

காலை டீக்கும் மாலை டீக்கும் யார் காசு என்று ஒவ்வொரு பிரிவிலும் ஒரு முறை இருக்கும். கேட்டுத் தெரிந்துகொண்டு உங்கள் முறை வரும்போது கொடுத்துவிடுங்கள். முதல் சம்பளத்தில் பிரிவுக்கு ஸ்வீட், காரம் வாங்குவது வழக்கம், கடன் வாங்கிச் செய்யவேண்டிய காரியமில்லை. கல்யாணம், காதுகுத்து, ஓய்வு என்று வசூல் வரும்போது உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். துக்கத்துக்கு மட்டும் நேரில் போங்கள். மூத்த அலுவலர் வீட்டுக்குப் போகாவிட்டாலும் அலுவலக உதவியாளர் வீட்டுத் துக்கத்துக்குப் போகத் தவறாதீர்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மேசையெல்லாம் துடைத்து, கணினிக்குச் சந்தனம் வைத்து, பொரி கடலை பகிர்வது எல்லா அலுவலகத்திலும் உண்டு. கலந்துகொள்ள விருப்பமில்லாதவர் இருந்தால் வற்புறுத்தாதீர்கள். பொரிப் பொட்டலம் மட்டும் அவர் மேசைக்கும் போகட்டும்.

சங்கங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கும். முதல் மாதமே உறுப்பினர் படிவம் வரும். ஆறு மாதம் எல்லோருடைய பேச்சையும் கேட்டுவிட்டுச் சேருங்கள், சேராமல் இருந்துவிடாதீர்கள். சம்பளம் தாமதமானால் வாசலில் நிற்கப்போவது அவர்கள்தான்.

ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. விடுப்பு எடுக்கும் முன் பக்கத்து சீட்டில் சொல்லி, அவசர ஃபைல் எங்கே என்று காட்டிவிட்டுப் போங்கள். அவர் விடுப்பில் போகும்போது கவுண்டருக்கு வரும் மாணவரிடம் "அந்த சீட் இல்லை, நாளைக்கு வா" என்று விரட்டாமல் நீங்கள் பாருங்கள். இரண்டு முறை இப்படி நடந்தால் போதும், அப்புறம் நீங்கள் கேட்காமலே உங்கள் சீட்டை அவர் பார்த்துக்கொள்வார்.

பேராசிரியர்களும் நாமும்

நம்மை ஆசிரியரல்லாப் பணியாளர் என்கிறார்கள். என்னவாக இல்லையோ அதை வைத்து நமக்குப் பெயர். எனக்கு இது இன்றுவரை உடன்பாடில்லை. நிர்வாகப் பணியாளர் என்று சொல்லியே நான் என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன். நீங்களும் அப்படிச் சொல்லிப் பழகுங்கள்.

பேராசிரியர்கள் நேரே உங்கள் மேசைக்கு வந்து ஃபைலைக் கேட்பார்கள். எழுந்து வணக்கம் சொல்லி, நாற்காலி கொடுத்து, "எங்க கண்காணிப்பாளர்கிட்ட சொல்லிட்டுப் பார்க்கிறேன் சார்" என்று சொல்லுங்கள். எவ்வளவு பழகியவராக இருந்தாலும் இதே பதில்தான். கண்காணிப்பாளரைத் தாண்டி ஒரு காரியம் செய்துகொடுத்தால் அடுத்த சிக்கலில் அவர் உங்கள் பக்கம் நிற்கமாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

துணைவேந்தர் பதவிக்காலம் மூன்று ஆண்டு. பணியிடம் காலியாக இருந்தால் ஒருங்கிணைப்புக் குழு பார்க்கும், ஃபைல் மெதுவாகத்தான் நகரும். நீங்களோ அறுபது வயதுவரை இங்கே இருக்கப் போகிறீர்கள். 'இவர் இன்னாருடைய ஆள்' என்ற பெயர் ஒருமுறை ஒட்டிவிட்டால் அடுத்த மூன்று பேர் மாறினாலும் போகாது. யார் வந்தாலும் ஃபைலை ஒரே மாதிரி எழுதுங்கள்.

பட்டமளிப்பு விழா

முதல் ஆண்டில் பட்டமளிப்பு விழாப் பணிக்கு ஆள் கேட்டால் தயங்காமல் பெயர் கொடுங்கள். பல ஆயிரம் பட்டச் சான்றிதழ்களைத் துறைவாரியாக அடுக்கவேண்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். ஒருவர் பட்டியலை வாசிக்க, ஒருவர் சான்றிதழைப் பார்க்க, இரவு ஒன்பதுவரை வேலை ஓடும்.

நான் மெமோ வாங்கிக்கொடுத்த அந்த அம்மாவும் நானும் ஒரே மேசையில் அப்படித்தான் உட்காரவேண்டி வந்தது. அவர் வாசிக்க நான் பார்த்தேன். ஒரு மாணவியின் பெயரில் ஒற்று ஒன்று விட்டுப்போயிருந்தது, நான் தவறவிட்டேன், அவர் எட்டிப் பார்த்துப் பிடித்தார். "இது போயிருந்தா அந்தப் பொண்ணு திரும்ப எத்தனை தடவை அலையணும்" என்றார். ஓராண்டுக்குப் பின் என்னிடம் அவர் பேசிய முதல் வாக்கியம் அது. அன்று நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கொண்டுவந்திருந்த எலுமிச்சை சாதத்தைப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார். தவறு செய்துவிட்டால் ஓராண்டு காத்திருக்காதீர்கள். அடுத்த நாளே போய்ச் சொல்லிவிடுங்கள்.

பொறுத்துப் போகக்கூடாதவை

எல்லாவற்றையும் அனுசரித்துப் போகச் சொல்வதாக நினைக்கவேண்டாம். பெண்களுக்குச் சொல்கிறேன்: பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இலிருந்து இருக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம், அதன் தலைவர் பெண்ணாகத்தான் இருக்கவேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும்; தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். தொகுப்பூதியம், தினக்கூலி என்று வித்தியாசம் இல்லை. குழு உறுப்பினர்களின் பெயரை முதல் மாதமே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையான ஒரு மூத்த பெண் பணியாளரின் எண்ணும் உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும்.

சாதி சொல்லித் திட்டுவது, வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பது, முன்தேதியிட்டு எழுதச் சொல்வது: இந்த மூன்றுக்கும் யார் கேட்டாலும் இணங்காதீர்கள். நடந்ததைத் தேதி, நேரத்தோடு அன்றே வீட்டில் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

சீட் மாறும்போது

இரண்டு, மூன்று ஆண்டில் உங்களுக்கும் சீட் மாறும். சார்ஜ் லிஸ்ட்டோடு சேர்த்து ஒரு தனித்தாளில், எந்த ஃபைல் எதற்காக நிற்கிறது, எந்தக் கல்லூரியிலிருந்து எந்தக் கடிதம் வரவேண்டும், எந்த மாணவர் மூன்று முறை வந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று உங்கள் கையால் எழுதிவையுங்கள். இழுப்பறையைக் காலி செய்து துடைத்துக் கொடுங்கள். புதிதாக வருபவரைத் தபால் பிரிவுக்கும் பதிவறைக்கும் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். பதிவறை அண்ணனிடம், "இனிமே இவங்கதான் அண்ணே வருவாங்க" என்று சொல்லிவிட்டு உங்கள் புதிய சீட்டுக்குப் போங்கள்.